கால் மாறி நடந்தவள்

இப்போதெல்லாம் மனுசனுக்குத் துக்கம் வந்தாலும் கை முதலில் போனைத்தான் தேடுகிறது. சாவு வீட்டுக்குப் போனால் மூலைக்கு ஒருத்தர் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். பாவம், அழுகிறாராக்கும் என்று கிட்டத்தில் போய்ப் பார்த்தால் விரலால் எதையோ தள்ளிக்கொண்டிருக்கிறார். பெட்டியில் கிடக்கிற முகத்தை நேராகப் பார்க்க யாருக்கும் மனசில்லை. அதைப் படம் பிடித்து, அப்புறம் அந்தப் படத்தைப் பார்த்து மூக்கைச் சிந்துகிறார்கள். கேட்டால் காலம் மாறிவிட்டதாம். காலம் என்ன சட்டையா, கழற்றி மாற்றுவதற்கு?

வீரசிங்கம் இதை வாய்விட்டே சொன்னார். சொன்ன இடம் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், மேற்கணக்கு என்கிற மேல் பிரிவின் பழைய மடுவம். முன்பு கொழுந்தை எடை போட்ட கொட்டகை. போன வருஷத்து மண்சரிவில் லயத்து வரிசை வீடுகளைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு இப்போது அதுதான் வீடு. சேலைகளைக் குறுக்கே கட்டித் தடுப்பாக்கியிருந்தார்கள்.

"அண்ணே, திட்டுறதா இருந்தா வெளிய போயி திட்டுங்க. இங்க செவரே சேலதான். ஒரு வார்த்த நிக்காது" என்றான் லத்தீப்.

லத்தீப் பதுளை பஸ் நிலையத்தில் ஆட்டோ ஓட்டுகிறவன். வயசு ஐம்பதைத் தொட்டுவிட்டது, வயிறு ஆட்டோவின் ஹேண்டிலைத் தொட்டுவிட்டது. வீரசிங்கமோ மூன்றாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டு, வேலை செய்த காலமெல்லாம் தோட்டத்துக் காவல்காரராக இருந்தவர். கொழுந்துத் திருடன், விறகுத் திருடன் யாரும் அவர் கைக்குத் தப்பியதில்லை. வேலையை விட்ட பிறகும் மாடு தொலைந்தால், தாலிக்கொடி தொலைந்தால், கல்யாணத்தன்று மாப்பிள்ளை தொலைந்தால் சனங்கள் அவரைத்தான் தேடி வந்தார்கள். லத்தீப் அவருக்கு வண்டி, கூடவே வாய்.

இந்தத் தடவை தொலைந்தவன் பெரியாயியின் மகன் ரஜீவ்.

பெரியாயி பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இடது முழங்கால் மடங்காது. மடியில் ஒரு போன் கிடந்தது.

"என் மவன் உசுரோட இருக்கான்ண்ணே" என்றாள். "மண்ணு சரிஞ்சப்ப அவன் பதுளையில இருந்தான். கம்ப்யூட்டர் வேல. நாங்கல்லாம் காலையிலயே இந்த மடுவத்துக்கு வந்துட்டோம். வரமாட்டேன்னு பக்கத்து லயத்துலயே இருந்தாங்க பாருங்க, மூணு பேரு, அவங்களத்தான் மண்ணு எடுத்துச்சு. என் புள்ளைய ஏன் அவங்களோட சேக்கணும்?"

"யாரு சேக்குறா?"

"தோட்டத்துத் தலைவருதான். வெள்ளிக்கெழம அமாவாசைக்கு மூணு பேருக்கும் சேத்து வருசக் காரியம் வக்கிறாங்க. அன்னையிலருந்து உன் மவனப் பத்தி ஒரு தகவலும் இல்லியே, எங்கயோ ஆத்துல கீத்துல போயிருப்பான், அவன் பேரையும் சேத்துடுவோம்னு சொல்றாரு. சிலபேரு, ஆத்தாள விட்டுட்டு வெளிநாட்டுக்கு ஓடிட்டான்னும் சொல்றாங்க." அவள் போனை எடுத்து நீட்டினாள். "இது மண்ணு சரிஞ்சு ரொம்ப நாளைக்கு அப்பறம் வந்ததுண்ணே. செத்தவனா வந்து இதப் போடுவான்?"

போன் கண்ணாடியில் ஒரு லயம் தெரிந்தது. மழை இருட்டிக்கொண்டு வருகிறது. ஒரு பொம்பளை கூடையை முதுகில் போட்டுக்கொண்டு தேயிலைக்குள் நிற்கிறாள். விரலால் வழிகாட்டினால் அவள் நடக்கிறாள், காலை இழுத்து இழுத்து. மழை பிடிப்பதற்குள் அவளை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. மேலே 'எட்டாம் நம்பர்' என்று பெயர், கீழே 'ரஜீவ்' என்று கையெழுத்து.

"எட்டாம் நம்பர் எங்க வீட்டுக் காம்பராதான். இது நாந்தான். என் நடைதான். என்னைய அவனத் தவிர வேற யாருண்ணே வரைவா?"

"எனக்கும் இந்த கேம் தெரியும்" என்றான் லத்தீப். "ஹயருக்குக் காத்துகிட்டு இருக்கப்ப ஆடுவேன். மூணாவது மலையத் தாண்ட முடியல. ஒங்கள எத்தன தடவ தண்ணிக் கான்ல விழ வச்சேன்னு தெரியல, மன்னிச்சிக்குங்க."

பெரியாயி சிரிக்க முயன்றாள். வரவில்லை.

"ஒண்ணு சொல்லுங்கண்ணே. இருக்கான்னா கண்டுபிடிச்சுக் குடுங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க, அழுதுக்கிறேன். நடுவுல நிக்க முடியல."

வீரசிங்கம் போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். மடுவத்து வாசலில் நின்றபடி, லத்தீபை விரலால் ஓட்டச் சொல்லிவிட்டு, அந்தப் பொம்பளை நடப்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"லத்தீபு, இது பெரியாயி இல்ல."

"அப்ப யாரு, தொரையோட பொண்டாட்டியா? கூடையப் பாருங்க, நடையப் பாருங்க."

"நடையத்தான் பாக்குறேன். எந்தக் கால இழுக்குது?"

லத்தீப் கண்ணைச் சுருக்கினான். "வலது."

"அவளுக்கு ஊனம் இடது கால்ல. கான்ல விழுந்து முட்டி ஒடஞ்சப்ப தூக்கிட்டு ஓடுனவங்கள்ல நானும் ஒருத்தன்."

"அதெப்பிடி அவங்களுக்கே தெரியல?"

"தான் நடக்கிறத எவன்டா பாத்திருக்கான்? ஊருதான் பாக்குது." அவர் போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார். "கோயிலப் பாரு. லயத்துக்குப் படியேறுனா மாரியம்மன் வலப்பக்கம் இருந்துச்சு. இதுல இடப்பக்கம் நிக்கிது."

"போனத் திருப்பிப் புடிச்சிருக்கீங்களோ என்னமோ."

"எழுத்து நேராத்தானடா இருக்கு. எழுத்து நேரா நிக்கிது, ஊரு மட்டும் கண்ணாடியில பாத்த மாதிரி திரும்பியிருக்கு. கதவுல இருக்கிற நம்பரு எட்டு. எட்டத் திருப்பினாலும் எட்டுதான். அதான் ஒருத்தனுக்கும் தெரியல."

லத்தீப் உள்ளங்கையில் விரலால் ஒரு எட்டை எழுதிப் பார்த்தான்.

"பெத்தவ எந்தக் கால இழுக்குறான்னு மவனுக்குத் தெரியாமப் போகுமா?" என்றார் வீரசிங்கம். "இது வேற எவனோ கை வச்ச வேல. அந்தப் பய செஞ்சத எடுத்து, அரைகுறையா மாத்தி, அவன் பேருலயே வுட்டுருக்கான். களவு."

"களவாணி எவனாச்சும் அடுத்தவன் பேரப் போடுவானாண்ணே? தன் பேரத்தான போடுவான்."

அது நியாயமான கேள்விதான். நியாயமான கேள்வியை லத்தீப் கேட்டுவிட்டானே என்பதில் வீரசிங்கத்துக்குக் கொஞ்சம் எரிச்சல்.

"வண்டிய எடு" என்றார்.

எங்கே போவது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. பசறை வளைவுகளில் ஆட்டோ இறங்கியது. முன்னால் போன பால் லொறி ஒன்று வழி விடாததால் லத்தீப் ஓரங்கட்டினான். கை சும்மா இருக்கமாட்டாமல் விளையாட்டைத் திறந்தான். இந்தத் தடவை சத்தத்தையும் கூட்டி வைத்தான். போனுக்குள் மழை கொட்டியது. தகரத்தில் விழுகிற மழை.

"நிப்பாட்டு அத" என்றார் வீரசிங்கம்.

"பொறுங்கண்ணே." லத்தீப் போனைக் காதில் வைத்தான். முகம் மாறியது. "மடுல்சீமைக்கு எப்பண்ணே ரயில் வந்துச்சு?"

"என்னடா ஒளறுற?"

"இந்த மழைக்குள்ள ஒரு பொம்பள பேசுறா. கேளுங்க."

வீரசிங்கம் கேட்டார். மழைச் சத்தத்துக்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, மணி அடித்து ஒரு குரல் சிங்களத்தில் சொல்லிற்று. பதுளையிலிருந்து கொழும்புக் கோட்டைக்குப் புறப்படும் ரயில், மேடை இலக்கம், அப்புறம் மறுபடியும் மழை.

"ஊரு மடுல்சீமை. மழை பதுளை ஸ்டேசன்ல பேஞ்சது" என்றான் லத்தீப். "அதுவும் இவ்வளவு தெளிவாக் கேக்கணும்னா ஸ்டேசனுக்குப் பின்பக்கம் தகரக் கூரையுள்ள வீடா இருக்கணும். ரயில்வே குவாட்டர்ஸ். நான் அங்க எத்தன தடவ ஆளு எறக்கியிருக்கேன்!"

"பரவால்லியே."

"பாராட்டுறீங்களா? அல்லாவே, இன்னிக்கு மழைதான்."

ஸ்டேசனுக்குப் பின்னால் மூன்று குவாட்டர்ஸ்கள்தான் தகரக் கூரையோடு இருந்தன. ஒன்றில் கோழி வளர்த்தார்கள். ஒன்று பூட்டிக் கிடந்தது. மூன்றாவது, ஸ்டேசனில் கிளார்க்காக இருக்கிற குமாரசிங்கத்தின் வீடு. யாழ்ப்பாணத்துக் குடும்பம், பதுளைக்கு வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. பின்பக்கத்து அறையின் ஜன்னலைப் போர்வையால் மூடியிருந்தது. உள்ளே கம்ப்யூட்டர் வெளிச்சம்.

லத்தீப் கதவைத் தட்டினான்.

"ஆர்?"

"தம்பி, மழை வாங்க வந்திருக்கோம். தகரத்துல பேஞ்ச மழை. கொஞ்சம் ரயில் கலந்தாலும் பரவால்ல."

கதவு திறந்தது. இருபத்தைந்து வயசு இருக்கும். தாடி மழிக்காத முகம், தூங்காத கண். குமாரசிங்கத்தின் மகன் கிஷாந்தன். லத்தீப் கையிலிருந்த போனைப் பார்த்ததும் அவன் முகத்திலிருந்து இரத்தம் இறங்கியது. வீரசிங்கம் அதைக் கவனித்தார். திருடனுக்குப் பயம் கண்ணில் வரும். இவனுக்கு உதட்டில் வந்தது. அழப்போகிறவனுக்குத்தான் உதட்டில் வரும்.

"பெரியாயி அனுப்பிச்சு வந்திருக்கோம்" என்றார். "ரஜீவோட ஆத்தா."

"வாங்கோ. இருங்கோ" என்றான் கிஷாந்தன், நாற்காலி ஒன்றும் இல்லாத அறையில்.

வீரசிங்கம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "நேரா கேக்குறேன். அவன் வேலைய நீ எடுத்து மாத்துனியா?"

"நான் ஒண்டும் களவெடுக்கேல்ல ஐயா. நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்துதான் செய்தனாங்கள். படம் எல்லாம் அவன், சத்தம் எல்லாம் நான். அவன் பேர் மட்டும் நிக்கட்டும் எண்டு நான் என்ர பேரை எடுத்துப்போட்டு வெளியில விட்டனான்."

"அப்ப ஊர யாரு திருப்பிப் போட்டது? கோயில் எடம் மாறி நிக்கிது. பெரியாயி கால் மாத்தி நொண்டுறா."

"நீங்கள் கண்டுபிடிச்சிட்டீங்கள்."

"கேட்டதுக்குப் பதில சொல்லு."

"கொஞ்சம் விளங்கப்படுத்த வேணும். ப்ரோகிராம் எழுதுறது நாங்கள். ஆனா படத்தைக் கீறுறது கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற ஒரு சில்லு, சிப். எங்களால அதோட நேரா கதைக்க ஏலாது. நடுவில ஒண்டு இருக்கு. இடைமுகம் எண்டு சொல்லுவம். நாங்கள் அதுக்குச் சொன்னா, அது சில்லுக்குச் சொல்லும்."

"தொரைக்கும் ஆளுகளுக்கும் நடுவுல கங்காணி" என்றார் வீரசிங்கம்.

"ஓம். கிட்டத்தட்ட அப்பிடித்தான். படத்துக்கு ஒரு கங்காணி, சத்தத்துக்கு வேற கங்காணி. ரஜீவ் முதல் செய்யேக்க பெரிய கம்ப்யூட்டருக்கு மட்டும் வேலை செய்யிற இடைமுகத்தில செய்தவன். ஆனா தோட்டத்தில ஆரிட்ட கம்ப்யூட்டர் இருக்கு? எல்லாரிட்டயும் போன்தான். அம்மா பாக்க வேணும் எண்டால் போனுக்கு மாத்த வேணும். போனுக்கு வேற இடைமுகம்."

"கங்காணிய மாத்திட்டான்" என்றான் லத்தீப்.

"மாத்தினவன். ரெண்டும் ஒரே வேலைதான் செய்யுது. ஆனா எண்ணுற விதம் வேற. ஒண்டு, கண்ணாடிக்கு உள்ளுக்குப் போகப் போகக் கூட்டி எண்ணும். மற்றது, உள்ளுக்கிருந்து எங்களுக்குக் கிட்ட வர வரக் கூட்டி எண்ணும்." அவன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினான். "ரெண்டு கையும் ஒரே மாதிரித்தான். ஆனா ஒண்டை மற்றதுக்கு மேல அப்பிடியே வையுங்கோ, பெருவிரல் எதிர்ப்பக்கம் போயிடும். அது மாதிரி அந்த ஒரு கணக்கு மாறினதில முழு ஊருக்கும் வலம் இடமாத் திரும்பிட்டுது. மேல இருக்கிற எழுத்தைக் கடைசியில தனியா ஒட்டுறது. அதால அது மட்டும் நேரா நிக்குது."

"ஒரு கங்காணி மேலருந்து பெரட்டுல ஆளு எண்ணியிருக்கான், இன்னொருத்தன் கீழருந்து எண்ணியிருக்கான்" என்றான் லத்தீப். "நடுவுல ஒரு பொம்பளைக்குக் கால் மாறிப்போச்சு."

யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

வீரசிங்கத்துக்கு இந்தக் கதையில் பாதி விளங்கவில்லை, விளங்கிய பாதியில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஒன்று உறைத்தது. "மாத்துனது ரஜீவுன்னு சொல்றியா?"

"அவன்தான்."

"எப்ப?"

"அந்தப் பெரிய மழைக்கு ஒரு கிழமைக்கு முதல்."

அவர் கட்டிய கணக்கு அங்கேயே சரிந்தது. திருடன் என்று ஒருத்தன் இல்லை. கால் மாற்றி வரைந்தவன் மகன்தான்.

"பெத்தவ கால் எதுன்னு அவனுக்குத் தெரியாமலா?"

"தெரியும் ஐயா. முதல்ல தெரியும். ஆனா மாத்தினதுக்குப் பிறகு, திரும்பின ஊருக்குள்ளயே நாள் முழுக்க வேலை செய்தவன். புதுசா படியும் தண்ணிப் பீலியும் கீறினவன், அதுகள் நேரா வந்திட்டுது. பழசு எல்லாம் திரும்பி. அரைவாசி நேர், அரைவாசி மாறாட்டம். பாத்துப் பாத்து எது சரி எண்டு அவனுக்கே குழம்பிட்டுது. ஒரு நாள் இந்தக் கட்டிலில இருந்துகொண்டு கேட்டவன்..." கிஷாந்தன் நிறுத்தினான். "'மச்சான், எங்கம்மா எந்தக் கால இழுப்பாங்க? எனக்கு ஞாபகம் வரல' எண்டு. சொல்லிப்போட்டு அழுதவன்."

வெளியே மணி அடித்தது. அந்தப் பொம்பளைக் குரல் ரயிலைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு அடங்கியது.

வீரசிங்கம் தரையைப் பார்த்தார். காவல் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. எதிரில் இருக்கிறவன் சொன்னதை விட்டுவிட்டு, சொல்லாமல் விட்டதைத் தேடுவது. "அப்பறம் அவன் என்ன செஞ்சான்?"

கிஷாந்தன் கம்ப்யூட்டர் திரையை அணைத்தான்.

"அன்னைக்கு அவன் பதுளையிலதான் இருந்தான்னு ஊரே சொல்லுது. போலீசு ஒன்ட்ட கேட்டுச்சா?"

"கேட்டது."

"என்னா சொன்ன?"

"தெரியாது எண்டு."

"தம்பி." வீரசிங்கத்தின் குரல் தணிந்தது. அது அவருடைய கோபத்தைவிட மோசமானது. "ஆத்தா ஒருத்தி நடுவுல நிக்கிறா. நீ தெரியாதுங்கிற."

கிஷாந்தன் மேசையிலிருந்து தன் போனை எடுத்தான். திறந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, போர்வை மூடிய ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான்.

ஒரு படம். ஒரு கதவு நிலை, அதற்கு அப்பால் மழை, மழைக்குள் மாரியம்மன் கோயில். வாசல் படியில் ஒரு சோடி ரப்பர் செருப்பு, ஈரமாக.

"எட்டாம் நம்பர்" என்றார் வீரசிங்கம்.

"அவன் போகமாட்டன் எண்டுதான் சொன்னவன். மழை, பிறகு பாப்பம் எண்டு. நான்தான், ஒரு தரம் நேரா போய்ப் பாத்திட்டு வா, அம்மாட நடையையும் பாத்திட்டு வா எண்டு..." அவன் போர்வை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "லயத்தில இருந்து எல்லாரையும் வெளியேத்தி விட்டது எங்களுக்குத் தெரியாது. இதுதான் கடைசிப் படம். பிறகு நான் அனுப்பின ஒண்டும் போய்ச் சேரேல்ல."

"படத்த எடுத்துட்டு வெளிய போயிருக்கலாமில்ல?" என்றான் லத்தீப். அவன் குரலில் கிண்டல் இல்லை, கெஞ்சல் இருந்தது.

"செருப்பப் பாருடா" என்றார் வீரசிங்கம். "இது உள்ள நின்னு வெளிய பாத்து எடுத்தது. செருப்பு வாசல்ல கெடக்கு. ஆளில்லாத காம்பராவுக்குள்ள போறப்பவும் கழட்டிப் போட்டுட்டுத்தான் போயிருக்கான். பழக்கம்." படத்தின் மூலையில் நேரம் காட்டியிருந்தது. மடுவத்தில் சாயங்காலத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த வேளையில் மலை இறங்கியது என்று மேற்கணக்கில் எல்லோருக்கும் தெரியும். படத்திலும் அதே நேரம்தான். அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"அவன்ர குரலும் இருக்கு" என்றான் கிஷாந்தன்.

"இருக்கட்டும். அத நான் கேக்கக்கூடாது." அவர் எழுந்தார். "ஒண்ணு மட்டும் சொல்லு. கோளாறு என்னான்னு ஒனக்குத் தெரியும். அத சரி பண்ணாம ஏன் அப்பிடியே வுட்ட?"

"ஒரு கழித்தல் அடையாளம் போட்டால் பழசு எல்லாம் நேரா வந்திடும் ஐயா. பிறகுதான் எனக்கு அது தெரிஞ்சது. ஒரேயொரு அடையாளம்." அவன் கையால் காற்றில் ஒரு கோடு இழுத்தான். "கோயிலை வைச்சே எது சரி எண்டு கண்டுபிடிச்சிருக்கலாம். அதை நான் இஞ்ச இருந்தே சரி பண்ணினா, அவன் போனது வீண் எண்டு ஆகிடும். கை போகேல்ல."

லத்தீப் வாசலுக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"சட்டைய மாத்து" என்றார் வீரசிங்கம். "நீயே வந்து சொல்லு."

போகிற வழியில், விளையாட்டின் மூன்றாவது மலையைப் பற்றி லத்தீப் ஒரு தடவை ஏதோ ஆரம்பித்தான், பாதியில் விட்டுவிட்டான்.

மடுவத்தில் பெரியாயி அவர்கள் மூன்று பேரையும் பார்த்தாள். அப்புறம் கிஷாந்தனை மட்டும் பார்த்தாள். அவன் வாசலில் செருப்பைக் கழற்றினான், தெரியாமல் மறுபடியும் மாட்டினான், மறுபடியும் கழற்றினான்.

"இவன் ரஜீவோட கூட்டாளி" என்றார் வீரசிங்கம். "ஒன் மவன் அன்னைக்குப் பதுளையில இல்ல, பெரியாயி. வீட்டுக்கு வந்திருக்கான்."

சுற்றி வளைக்க அவருக்குத் தெரியாது. எதற்காக வந்தான், எங்கே நின்றான், என்ன நேரம் என்பதெல்லாம் கிஷாந்தன்தான் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் குரல் சிறுத்தது. 'நான்தான் போகச் சொன்னனான்' என்ற இடத்தில் அவன் தலை முழங்காலுக்கு வந்துவிட்டது. சேலைத் தடுப்புகளுக்கு அந்தப் பக்கம் இருந்த பேச்செல்லாம் நின்றுபோயிருந்தது.

பெரியாயி படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் வைத்திருந்தாள்.

"செருப்பு வார் அந்துருச்சுன்னான். புதுசு வாங்கியிருக்கான்" என்றாள்.

கிஷாந்தன் குரலைப் போட்டான். மழைச் சத்தம், அதற்குள் இளவட்டக் குரல், மூச்சு வாங்க: "மச்சான், எங்க லயத்துல ஒரு ஈ காக்கா இல்லடா. எல்லாரும் மடுவத்துக்குப் போயிட்டாங்க போல. சாவி நெலைக்கு மேலயேதான் இருந்துச்சு. படியேறுனா கோயில் வலப்பக்கம்டா, வலப்பக்கம்! படத்த எடுத்துட்டு நேரா மடுவத்துக்குப் போயி அம்மாவப் பாக்குறேன். கால பாத்துட்டு வந்து சொல்றேன்."

அவள் இன்னொரு தடவை கேட்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மடங்காத காலைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள். அப்புறம் அழுதாள். சத்தம் போட்டு இல்லை. லத்தீப் தன் பெரிய உடம்பை வைத்துக்கொண்டு எங்கே நிற்பதென்று தெரியாமல் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அப்ப என்னைய விட்டுட்டு ஓடல" என்றாள் கடைசியில். "என்னையப் பாக்கத்தான் வந்துகிட்டு இருந்தான்."

"ஓம் அம்மா."

"வெள்ளிக்கெழமைக்கு அவன் பேரையும் சேத்துக்கச் சொல்லுங்கண்ணே, தலைவருகிட்ட." கண்ணைத் துடைத்துக்கொண்டு கிஷாந்தன் பக்கம் திரும்பினாள். அவன் தலையில் கை வைத்தாள். "நீ என்னய்யா பண்ணுவ? கூட்டாளிய ஆத்தா வீட்டுக்குப் போயிட்டு வான்னு சொன்ன. அது ஒரு குத்தமா? நீயும் வா வெள்ளிக்கெழம. எனக்கு வேற ஆம்பளப் புள்ள இல்ல. எள்ளுந் தண்ணியும் நீ எறச்சுவுடு."

கிஷாந்தன் உடைந்து அழுதான். அவள் அவனைத் தட்டிக்கொடுத்தாள். தட்டிக்கொண்டே, வேறு எங்கோ பார்த்தபடி கேட்டாள்:

"மழையில பஸ் ஏறியிருக்கானே, கெளம்புறப்ப ஏதும் சாப்பி..."

"சாப்பிட்டவன் அம்மா. ரொட்டியும் சம்பலும். வயிறு நிறையச் சாப்பிட்டவன்."

பெரியாயி தலையாட்டினாள். அந்த ஒன்றில் அவள் முகம் கொஞ்சம் ஆறியது.

வீரசிங்கம் எழுந்துகொண்டார். கேள்வி முடியுமுன்னே வருகிற பதிலை அவர் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறார். கூடையை இறக்கச் சொல்வதற்கு முன்பே 'உள்ள ஒண்ணும் இல்லிங்க' என்று சொல்கிறவர்களின் பதில் அது. ரொட்டி சாப்பிட்டானா, சாப்பிடவில்லையா, கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அந்த ரொட்டி அவளிடம் இருக்கட்டும் என்று அவர் கேட்கவில்லை. வாசலுக்கு வந்து குடையை விரித்தார்.

லத்தீப் பின்னாலேயே ஓடி வந்தான். "அண்ணே, ஏறுங்க, கொண்டுபோய் விடுறேன். முடிஞ்சிருச்சு இல்ல? அந்தம்மாவும் ஏத்துகிட்டாங்க, பொடியனும் சொல்லிட்டான். எல்லாம் சரியாப் போச்சு."

"எனக்கு அப்பிடித் தோணல" என்றார் வீரசிங்கம்.

தேயிலைக்கு நடுவே பஸ் பாதைக்குப் போகிற குறுக்கு வழியில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.